கல்லாவில் விழும் கலகம்

நுகர்வு வெறியைத் தோலுரித்த படங்களையும் சந்தை விற்றுக் காசாக்கியது. அவற்றிலிருந்து அது எதை எடுத்துக்கொண்டது, எதைத் தொடாமல் விட்டது?

2023 ஜூலையில் வெளியான ‘பார்பி’ படத்தில் ஒரு காட்சி. பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சாஷா என்ற பெண்ணின் முன்னால் பார்பி ஆசையோடு வந்து நிற்கிறாள். தன்னைக் கண்டதும் எந்தச் சிறுமியும் துள்ளிக் குதிப்பாள் என்பது அவள் நினைப்பு. சாஷாவோ அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுகிறாள். பெண்களைத் தங்கள் உடம்பை நினைத்தே கூசவைத்தவள், நுகர்வு வெறியைத் தூக்கிப் பிடித்தவள், போதாக்குறைக்கு பாசிஸ்ட் என்றும் ஏச்சு. பார்பி அழுதுகொண்டே வெளியேறுகிறாள். அரங்கில் சிரிப்பு. இந்தப் படத்தின் தயாரிப்பில் பார்பி பொம்மையைச் செய்து விற்கும் மேட்டல் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. படத்தின் உலக வசூல் 140 கோடி டாலரைத் தாண்டியது.

இந்தப் பெருந்தன்மை மேட்டலிடம் எப்போதும் இருந்ததல்ல. 1997இல் அக்வா என்ற இசைக்குழு ‘பார்பி கேர்ள்’ பாட்டில் இந்தப் பொம்மையைக் கிண்டலடித்தபோது நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பகடிக்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி மேட்டலின் வாதத்தைத் தள்ளியது. இரு தரப்பும் கொஞ்சம் சூடு தணியட்டும் என்ற அறிவுரையோடு தீர்ப்பை முடித்தார் நீதிபதி. மேட்டல் தணிந்தது மட்டுமல்ல, பாடமும் படித்தது. 2009இல் வரிகளை மாற்றி அதே பாட்டைத் தன் விளம்பரத்துக்கே பயன்படுத்தியது. 2023 படத்தில் அந்த மெட்டு நிக்கி மினாஜ், ஐஸ் ஸ்பைஸ் இருவரின் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்த்து வழக்குப் போட்ட கிண்டலை, கால் நூற்றாண்டில் விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள்.

சந்தையைத் திட்டும் படங்களை நாம் ரசிக்கிறோம். திட்டு கூர்மையாக இருந்தால் ‘தைரியமான படம்’ என்று மெச்சுகிறோம். ஆனால், திட்டு வாங்குகிறவரே அதற்குப் பணம் போடுகிறார் என்றால் அந்தத் தைரியத்துக்கு என்ன மதிப்பு? கடந்த அரை நூற்றாண்டு சினிமாவில் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

பல் விழுந்த பகடி

பின்நவீனத்துவம் என்றதும் தமிழ் வாசகருக்குச் சிற்றிதழ்ச் சண்டைகள் நினைவுக்கு வரும். 1990களில் ‘நிறப்பிரிகை’யில் தொடங்கி இலக்கியக் கூட்டங்கள் வரை அந்தச் சொல் படாதபாடு பட்டது. அதன் கோட்பாட்டுச் சிக்கல்கள் கிடக்கட்டும். சினிமாவுக்கு வேண்டிய அளவு மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

பெருங்கதையாடல்களின் மேல் மனிதர்களுக்கு நம்பிக்கை விட்டுப்போனதே இந்தக் காலத்தின் நிலை என்றார் ழான்-பிரான்சுவா லியோதார். அது 1979. அதற்கும் முன்பே, 1970இல், நுகர்வுச் சமூகம் பற்றிப் புத்தகம் எழுதிய ழான் போத்ரியார், நாம் வாங்குவது பொருளை அல்ல, அது சுமந்து வரும் அடையாளத்தை என்றார். கார் என்பது நான்கு சக்கரம் மட்டுமில்லை, தெருவில் நமக்குக் கிடைக்கும் இடமும் அதுதான். மூன்றாமவர் 2024இல் மறைந்த அமெரிக்க மார்க்சிய விமர்சகர் பிரெடரிக் ஜேம்சன். பின்நவீனத்துவத்தைப் பிந்தைய முதலாளித்துவத்தின் பண்பாட்டு முகம் என்று 1984இல் எழுதியவர் அவர். பகடிக்குப் பின்னால் ஒரு கோபம் உண்டு, சரி எது தவறு எது என்ற அளவுகோல் உண்டு. அந்த அளவுகோல் கழன்று விழுந்த பிறகு, பழைய பாணிகளை எடுத்துப் போட்டுக்கொள்ளும் வெறும் போலச்செய்தல்தான் மிஞ்சுகிறது என்பது அவர் கணிப்பு.

பல் இருக்கும் பகடிக்கும் பல் விழுந்த பகடிக்கும் நடுவே சந்தை எப்படிப் புகுந்தது என்பதைப் படங்களை வைத்தே பார்க்கலாம்.

பிணங்கள் கூடும் கடைவீதி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய மன்றோவில் மால் 1969இல் திறக்கப்பட்டது. நடந்து தீராத நீளத்துக்குக் கடைகள், நீரூற்று, நகரும் படிக்கட்டு. மாலை நிர்வகித்த நிறுவனத்தில் தெரிந்தவர்கள் இருந்ததால் அதைச் சுற்றிப் பார்க்கப் போன இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவுக்கு அங்கேயே ஒரு படம் தோன்றியது. 1978இல் வந்த ‘டான் ஆஃப் தி டெட்’ அதுதான். கடைகள் சாத்திய பிறகு இரவில் தொடங்கி விடியும்வரை படப்பிடிப்பு. கிறிஸ்துமஸ் அலங்காரம் ஏறியதும் வேலையை நிறுத்தி, அது இறங்கிய பிறகு தொடர்ந்தார்கள்.

செத்தவர்கள் எழுந்து நடமாடும் உலகில் உயிர் பிழைத்த நான்கு பேர் இந்த மாலுக்குள் ஒளிகிறார்கள். வெளியே பிணங்கள் கூட்டம் கூட்டமாக வந்து கதவை மோதுகின்றன. உயிரோடு இருந்தபோது இது அவர்களுக்கு முக்கியமான இடம், அந்தப் பழக்கம்தான் இழுத்து வருகிறது என்று ஒரு பாத்திரம் விளக்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் படத்தின் நையாண்டி இவ்வளவுதான்: நாமெல்லாம் நடைப்பிணங்கள். ஆனால் ரொமேரோவின் குத்தல் உயிரோடிருக்கும் நால்வரின் மேல்தான் ஆழமாக இறங்குகிறது. எல்லாமே இலவசமாகிவிட்ட மாலில் கோட்டும் கைக்கடிகாரமும் அள்ளி, தங்கள் மறைவிடத்தை நடுத்தர வர்க்க வீடாக அலங்கரிக்கிறார்கள். உலகமே அழிந்த பிறகும், எதற்கும் இருக்கட்டுமென்று வங்கியிலிருந்து நோட்டுக்கட்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் சலிப்பு. வேண்டியதெல்லாம் கையில் இருக்க, செய்ய ஒன்றுமில்லை.

படம் வெற்றி பெற்றதும் அந்த மாலே ரசிகர்கள் யாத்திரை போகும் இடமானது. 2018இல் அங்கே ரொமேரோவுக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 2025இல் மாலை வால்மார்ட் நிறுவனம் வாங்கியது. பிணங்களை வைத்துச் சந்தையை நையாண்டி செய்த கலைஞனுக்குச் சந்தைக்குள்ளேயே சிலை, அந்தச் சந்தையை விழுங்க அதைவிடப் பெரிய சந்தை. ரொமேரோவே இப்படி ஒரு திரைக்கதை எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள்

பத்தாண்டு கழித்து, ரீகன் ஆட்சியின் கடைசி நாட்களில் வந்தது ஜான் கார்பெண்டரின் ‘தே லிவ்’. வேலை தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் வரும் ஒரு கட்டடத் தொழிலாளிக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் ஊரின் வண்ணம் வற்றிப்போய், விளம்பரப் பலகைகளின் உள்ளே ஒளிந்திருக்கும் கட்டளைகள் தெரிகின்றன: கீழ்ப்படி, வாங்கு, உறங்கு. டாலர் நோட்டில், இதுவே உன் கடவுள் என்று எழுதியிருக்கிறது. நாயகனாக நடித்தவர் ராடி பைப்பர் என்ற மல்யுத்த வீரர். நண்பனைக் கண்ணாடி போடவைக்க அவர் சந்தில் போடும் சண்டை ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. உண்மையைப் பார்ப்பதற்கு மனிதன் அவ்வளவு முரண்டு பிடிப்பான் என்பதை வசனம் இல்லாமல் சொன்ன காட்சி அது. தத்துவவாதி ஸ்லாவோய் ஜிஜெக் 2012இல் கருத்தியல் பற்றிய ஆவணப்படத்தில் தோன்றியபோது, இந்தப் படத்தைத்தான் தொடக்கத்தில் எடுத்துப் பேசினார்.

‘கீழ்ப்படி’ (‘ஒபே’) என்ற அந்த ஒற்றைச் சொல்லின் பிற்காலம் விசித்திரமானது. ஷெப்பர்ட் ஃபேரி என்ற ஓவியர் அதை எடுத்து, ஆந்த்ரே என்ற மல்யுத்த வீரரின் முகத்தோடு சேர்த்து ஊரெங்கும் ஒட்டினார். ஒபாமாவின் 2008 தேர்தல் சுவரொட்டியால் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர் அவர். அவர் ஒட்டிய ‘கீழ்ப்படி’, விளம்பரங்களைச் சந்தேகிக்கச் சொன்ன தெருக்கலை. 2001இல் அதே சொல்லில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனம் தொடங்கியது. இன்று தொப்பியிலும் பனியனிலும் ‘ஒபே’ என்று அணிந்து திரிகிறவர்களில் எத்தனை பேருக்குக் கார்பெண்டரின் பெயர் தெரியும்?

கண்ணாடியும் சொல்லும் விலைபோயின. விலைபோகாத ஒன்று படத்தில் இருக்கிறது. நாயகன் கண்ணாடியைக் கண்டெடுக்கும் முன்னால், படம் நிதானமாக ஒரு குடிசைப் பகுதியைக் காட்டும். தொழிற்சாலை மூடப்பட்டு வேலை இழந்தவர்கள் அங்கே ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஓரிரவு போலீஸ் வந்து புல்டோசரால் அந்தக் குடிசைகளை மட்டமாக்குகிறது. அந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரகவாசிகளைவிடப் பயங்கரம் அந்த இரவுதான். அதை எந்தப் பனியனிலும் யாரும் அச்சடிக்கவில்லை.

1999: கலகத்தின் அறுவடை

1990களின் கடைசியில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களே இந்த வகைப் படங்களில் இறங்கின. 1998இல் பீட்டர் வியரின் ‘தி ட்ரூமன் ஷோ’. பிறந்த நாள் முதல் தன் வாழ்க்கை டி.வி. நிகழ்ச்சியாக ஓடுவதை அறியாத ஒருவன். நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பர இடைவேளை கிடையாது. கணவன் கதறிக்கொண்டிருக்கும்போதே மனைவி கோகோ டப்பாவைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டி அதன் பெருமையைச் சொல்கிறாள். நையாண்டிக்கு ஆயுள் ஒரு வருடம்தான். 1999இல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ தொடங்கியது. அதன் வழிவந்த ‘பிக் பாஸ்’ 2017இல் தமிழுக்கும் வந்தது. ட்ரூமன் தெரியாமல் மாட்டிக்கொண்டான். பிக் பாஸ் வீட்டுக்குள் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார்கள்.

அதே 1999இல் ‘தி மேட்ரிக்ஸ்’. நாயகன் திருட்டு டிஸ்க்குகளை ஒளித்துவைத்திருக்கும் குடைந்த புத்தகம், போத்ரியாரின் ‘போலிகளும் போலச்செய்தலும்’ என்ற நூல். போத்ரியாருக்கு இந்த மரியாதை ருசிக்கவில்லை. படத்தில் வரும் மேட்ரிக்ஸ் என்ற மாய உலகம் தன்னைப் பற்றித் தானே ஒரு படம் எடுத்தால் அது இப்படித்தான் இருக்கும் என்ற பொருளில் 2003இல் ஒரு பேட்டியில் சொன்னார். அந்த வருடம்தான் இரண்டாம் பாகம் சாம்சங் போன், காடிலாக் கார், பவரேட் பானம் ஆகியவற்றின் விளம்பரக் கூட்டணியோடு வந்தது. மனிதர்களை உறக்கத்தில் வைத்திருக்கும் மாய உலகின் ஏஜென்ட், விளம்பரத்தில் பானம் விற்றார்.

இந்த அறுவடையின் உச்சம் டேவிட் ஃபின்சரின் ‘ஃபைட் கிளப்’. சக் பலானியுக்கின் 1996 நாவலிலிருந்து எடுத்த படம். நாயகன் தன் குடியிருப்பில் நடக்க நடக்க, ஒவ்வொரு சாமான் மீதும் பெயரும் விலையும் விவரமும் மிதந்து வருகின்றன. வீடே ஃபர்னிச்சர் விலைப்பட்டியலாக மாறுகிறது. டைலர் டர்டன் என்பவன் வந்து, பொருட்களுக்கு நீ அடிமை என்று அவனை அடித்து எழுப்புகிறான். முர்டோக் குழுமத்தின் ஃபாக்ஸ் ஸ்டூடியோ 6 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு எடுத்தது. தியேட்டரில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. டி.வி.டி.யாக வந்தபோதுதான் விற்றுத் தீர்ந்தது. டைலரின் சிவப்புத் தோல் ஜாக்கெட்டும் செதுக்கிய வயிறும் ஒரு தலைமுறை ஆண்களுக்கு முன்மாதிரியாயின. அடுத்த வருடம் மேரி ஹாரன் எடுத்த ‘அமெரிக்கன் சைக்கோ’வுக்கும் அதே கதிதான். விசிட்டிங் கார்டின் நிறத்துக்காகப் பொறாமையில் வியர்க்கும் கொலைகார வங்கிக்காரனை ஒரு பெண் இயக்குநர் கேலிச்சித்திரமாக வரைந்தார். இன்று இணைய வீடியோக்களில் அவன் ‘கெத்து’ நாயகன்.

இந்தக் கூத்துக்குச் சரியான உவமை ‘ஃபைட் கிளப்’புக்குள்ளேயே இருக்கிறது. டைலர் சோப்பு வியாபாரி. கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக் கூடத்தின் குப்பையிலிருந்து கொழுப்பைத் திருடிச் சோப்புக் காய்ச்சி, உயர்தரக் கடைகளுக்கு விற்கிறான். பணக்காரப் பெண்களின் கொழுப்பு, விலை ஏறி, அவர்களிடமே திரும்பிப் போகிறது. சந்தை நமக்குச் செய்வது அதையே. நம் அலுப்பையும் ஆத்திரத்தையும் உறிஞ்சி, அழகாக வார்த்து, மணம் சேர்த்து நமக்கே விற்கிறது.

படத்தை உண்மையான ஆபத்தாக எடுத்துக்கொண்டது சந்தையல்ல, தணிக்கை. 2022 ஜனவரியில் சீனாவின் டென்சென்ட் தளத்தில் வந்த பிரதியில், கட்டடங்கள் வெடித்துச் சரியும் கடைசிக் காட்சியைக் காணோம். சதியைப் போலீஸ் முறியடித்தது என்ற எழுத்துகள் மட்டும் திரையில் வந்தன. உலகமே சிரித்த பிறகு, வெட்டியதில் பெரும்பகுதியைத் திரும்ப ஒட்டினார்கள்.

நமக்காகப் படமே கோபப்படுகிறது

பிரிட்டிஷ் விமர்சகர் மார்க் ஃபிஷர் 2009இல் எழுதிய ‘முதலாளித்துவ யதார்த்தவாதம்’ பற்றிய சிறு நூலில் ‘வால்-ஈ’ என்ற அனிமேஷன் படத்தை எடுத்துக்கொண்டார். ஒரே கம்பெனி உலகையே குப்பைமேடாக்கிவிட, மனிதர்கள் விண்கலத்தில் சாய்வு நாற்காலியில் மிதந்தபடி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கும் கதை. எடுத்தது டிஸ்னியின் பிக்ஸார். ஃபிஷரின் வாதம் எளியது: நமக்குப் பதிலாகப் படமே முதலாளித்துவத்தை எதிர்த்துவிடுகிறது, நாம் நிம்மதியாக வாங்கப் போகலாம்.

அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தப் படங்களில் பெரும்பாலானவை வாங்குபவனின் மனக்கோளாறைப் பற்றியவை. அவன் வெறுமை, அவன் உறக்கமின்மை, அவன் விழிப்பு. வெறுமைக்கு மருந்து விற்பதுதான் சந்தைக்கு ஆதிகாலத் தொழில். விழிப்புணர்வு வேண்டுமா, அதற்கும் ஒரு ஜாக்கெட் உண்டு. எனவே வாங்குபவனைப் பற்றிய எந்த விமர்சனத்தையும் அது பயமில்லாமல் அனுமதிக்கும். பொருளைச் செய்பவரும் அதை விற்க நிற்பவரும் சட்டகத்துக்குள் வந்தால்தான் கதை மாறுகிறது.

மேலே பார்த்த படங்களை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். மன்றோவில் மாலில் சரக்கு இருக்கிறது, வாங்கும் பிணங்கள் இருக்கின்றன, அங்கே சம்பளத்துக்கு நின்றவர்களின் கதை இல்லை. ‘ஃபைட் கிளப்’ நாயகன் கார் கம்பெனி ஊழியன். பழுதான கார்களைத் திரும்பப் பெறுவது லாபமா, செத்தவர்களின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுப்பது லாபமா என்று கணக்குப் போடுவது அவன் வேலை. படத்தின் மிகக் கொடிய இடம் அந்தக் கணக்கு. ரசிகர் உலகம் நினைவில் வைத்துக்கொண்டதோ அடிதடியை. வால்-ஈ பூமியில் மிஞ்சிய கடைசித் துப்புரவுத் தொழிலாளி. அதுவும் பொம்மையாகக் கடைக்கு வந்துவிட்டது. ‘பார்பி’ மேட்டலின் தலைமை அலுவலகத்துக்குள் போய் நிர்வாகிகளைக் கோமாளிகளாக்குகிறது. சாதாரணப் பெண்ணைப் போன்ற பார்பி ஒன்று செய்யலாம் என்ற யோசனையை மறுக்கும் முதலாளி, அது நன்றாக விற்கும் என்று கணக்குக்காரர் சொன்ன மறுகணம் சம்மதிக்கும் காட்சி அசல் கூர்மை. ஆனால் அந்த அலுவலகத்துக்கு அப்பால், பொம்மையை வார்த்துத் தலைமுடி நடும் தொழிற்சாலைக்குப் படம் போகவே இல்லை.

ரங்கநாதன் தெருவின் கால்கள்

தமிழிலும் பெருநிறுவனங்களைச் சாடும் படங்களுக்குக் குறைவில்லை. 2014 தீபாவளிக்கு வந்த ‘கத்தி’யில், கிராமத்து நிலத்தையும் நீரையும் விழுங்க வரும் குளிர்பான நிறுவனம்தான் வில்லன். பத்திரிகையாளர்கள் முன் நாயகன் விஜய் பேசும் நீண்ட வசனத்துக்கு அரங்குகள் அதிர்ந்தன. அதே விஜய் முன்பு கோலா விளம்பரத்தில் நடித்தவர்தானே என்று அப்போது பலரும் கேட்டார்கள். இரண்டு வேடத்துக்கும் கைதட்டு விழுந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

வேறொரு வழியில் போன படம் 2010இல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’. ஜெயமோகன் வசனம். களம் சென்னை தி.நகரின் ரங்கநாதன் தெரு. பண்டிகைக் கூட்டத்தில் அந்தத் தெருவில் நடந்திருக்கும் தமிழருக்கு, வாங்குபவரின் கண் எப்படி அலையும் என்று தெரியும்: அடுக்கிலிருந்து அடுக்குக்கு, விலைச்சீட்டிலிருந்து விலைச்சீட்டுக்கு. வசந்தபாலன் கேமராவைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். அங்கே தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள். குடும்பச் சுமையால் எதிர்த்துப் பேச முடியாதவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். இருபது முப்பது பேர் நெருக்கியடித்துப் படுக்கும் கூடம், அடித்துப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு ஓடவேண்டிய மெஸ், மேற்பார்வையாளரின் அடி. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பதால் வரும் கால் நரம்பு நோயையும் படம் பேசுகிறது.

இது பின்நவீனத்துவப் படம் இல்லை. கதை நேர்கோட்டில் போகிறது, அழவேண்டிய இடத்தில் கூச்சமில்லாமல் அழவைக்கிறது. தன்னையே கிண்டலடிக்கும் சாமர்த்தியம் இதற்குக் கிடையாது. இதுவும் டிக்கெட் விற்ற படம்தான், பாடல்களும் ஹிட். ஆனாலும் இதன் மையத்தை எடுத்து ஒரு பாவனையாக மாற்றி விற்க யாராலும் முடியவில்லை. நாயகன் ஜோதிலிங்கமும் நாயகி கனியும் அணியும் கடைச் சீருடையை ஃபேஷனாக யார் வாங்குவார்கள்?

உட்காரும் உரிமை என்ற பேச்சு சட்டமானது பிறகுதான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பல வருடம் போராடிய பின், 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கும் அப்படியொரு திருத்த மசோதா வந்தது: கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும். அதைக் கொண்டுவந்தது படம்தான் என்று சொல்வது போராடியவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் இருக்கை ஏன் வேண்டும் என்று ‘அங்காடித் தெரு’ பார்த்த ஒருவருக்கு விளக்க வேண்டியதில்லை.

எதைக் கேட்பது?

சந்தைக்கு வெளியே நின்று எடுக்கும் தூய சினிமா என்று ஒன்று கிடையாது. சினிமாவே டிக்கெட்டில் பிறந்த கலை. ஆகவே, படம் விலைபோனதே என்று ரொமேரோவையோ ஃபின்சரையோ குறை சொல்வதில் பயனில்லை. அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். படத்தை வெட்டிப் பிரித்து, லாபமுள்ள பாகத்தை மட்டும் புழக்கத்தில் விட்டது சந்தை. ஆர்வத்தோடு அதை வாங்கிக்கொண்டது நாம்.

இனி வரும் படங்களில் தன்னைத் தானே கேலி செய்யும் விளம்பரம் இன்னும் கூடும். மேட்டல் தன் மற்ற பொம்மைகளையும் வரிசையாகப் படமாக்கும் திட்டத்தில் இருக்கிறது. அவற்றிலும் முதலாளியைக் கிண்டலடிக்கும் வசனம் இருக்கும், நாமும் சிரிப்போம். சிரிப்பதில் தப்பில்லை. அந்தச் சிரிப்பை எதிர்ப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் ஏமாறுகிறோம்.

விமர்சகர்களும் ரசிகர்களும் அளவுகோலை மாற்றிக்கொள்ளலாம். ஒரு படம் கம்பெனிகளை எவ்வளவு காட்டமாகத் திட்டுகிறது என்று பார்ப்பதை விடுவோம். அது வந்து பத்தாண்டு கழித்து அதிலிருந்து எது பனியனிலும் கோப்பையிலும் ஏறியிருக்கிறது, எது ஏறவே இல்லை என்று பட்டியல் போடுவோம். குடிசையை இடித்த புல்டோசர், பிணத்துக்கு விலை போட்ட கணக்கு, நின்று நின்று வீங்கிய கால் எல்லாம் இரண்டாவது பட்டியலில்தான் இருக்கும். பார்க்க வேண்டிய படம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.